மெர்க்குரியுசும் காளியம்மாளும்

மணியை அடித்தது என் மாமியார். பதில் சொல்ல வேண்டியது நான்.

அதுதான் போட்டியின் விதி. மாமியார் கையில் மணி, மருமகள் கையில் மைக். மணியை அடித்த பிறகு மாமியார் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அந்தக் கேள்விக்கான புள்ளி போய்விடும். இப்படி ஒரு விதியை எந்த மகராசன் யோசித்தானோ தெரியாது. பந்தலில் இருந்த மருமகள்கள் அத்தனை பேரும் அவனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டிருப்பார்கள்.

ஜூன் மாதக் கடைசி. ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கோயில் திருவிழா. சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. கொள்ளிடத்துப் பக்கமிருந்து அடித்த காற்றில் பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. யாரோ சுண்டலுக்குத் தாளித்துக் கொட்டிய கறிவேப்பிலை வாசனை மேடை வரைக்கும் வந்தது.

நாங்களும் பிலோமினா அம்மா ஜோடியும் சமமான புள்ளியில் நின்றோம். கேள்வி கேட்டவர் திருச்சியில் சாமியாருக்குப் படிக்கும் ஒரு பிரதர். கடைசிக் கேள்வி என்று சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் தமது பெயரை மாற்றிக்கொண்ட முதல் நபர் யார்..."

டிங்! பிலோமினா அம்மாவின் கை மணிக்குப் போவதைப் பார்த்து என் மாமியார் முந்திக்கொண்டார். பிரதர் மீதிக் கேள்வியைப் பிறகுதான் படித்தார்.

"...ஏன் மாற்றிக்கொண்டார்?"

பந்தலே திரும்பி என்னைப் பார்த்தது. முன்வரிசையில் இருந்த என் கணவர் அருள், கையில் இருந்த சுண்டல் பொட்டலத்தை அப்படியே மடியில் வைத்துவிட்டார். திருத்தந்தை என்றால் போப்பாண்டவர், எங்கள் ஊரில் பாப்பரசர் என்பார்கள். எனக்குப் பதில் தெரியும். வரலாறு என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் அந்தப் பதிலை அந்த ஊர் முன்னால் மைக்கில் சொன்னால், எங்கள் வீட்டில் மூன்று வருடமாக நடந்துகொண்டிருந்த சண்டையில் நான் தோற்றுவிட்டேன் என்று நானே தமுக்கடித்த கணக்காகிவிடும்.

என்ன சண்டை?

கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோன கதையைப் போன வாரம் இந்தப் பத்திரிகைத் தொடரில் எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் பெரம்பலூரிலிருந்து ஒரு வாசகி, "பாயசத்தைப் பத்தி எல்லாம் எழுதுறீங்க, மாமியாரைப் பத்தி மட்டும் நைசா நழுவுறீங்களே" என்று கேட்டிருந்தார். நழுவவில்லை அம்மா. மூச்சு வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

என் பெயர் காளியம்மாள். அரும்பாவூர்ப் பக்கம், சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம். எங்கள் குலதெய்வம் காளி. தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயர் வந்தே ஆக வேண்டும். என் அப்பாவின் அக்காவுக்கு இருந்தது, அடுத்து எனக்கு வந்தது.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைப் பார்த்து நாக்கை நீட்டுவார்கள். நீட்டிய நாக்கோடு ஒருத்தனும் வீட்டுக்கு முழுசாகப் போனதில்லை. கல்லூரியில் ஒரு மேடம் மிகவும் அன்பாக, "சர்ட்டிபிகேட்ல கல்யாணின்னு மாத்திக்கோயேன், ஸ்டைலா இருக்கும்" என்றார். முடியாது மேடம் என்றேன். இந்தப் பெயருக்காக நான் போட்ட சண்டைகளை எழுதினால் அதுவே ஒரு தனித் தொடராக வரும்.

குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்க அரியலூருக்கு வந்துபோன காலத்தில்தான் அருளைப் பார்த்தேன். சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற மைன்ஸில் லாரி ஓட்டுகிறார். முடியெல்லாம் வெள்ளைத் தூசியோடு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சரி, கொஞ்சம் வயசான ஆள் போல என்றுதான் முதலில் நினைத்தேன். தூசியைத் தட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது.

இரண்டு வீட்டிலும் முணுமுணுப்பு இருந்தது. என் அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் ஒரு மூட்டை வெங்காயத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போய் இறங்கினார். என் மாமியார் சூசையம்மாள் டீச்சர், ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"கோயிலுக்கு வரட்டும். வராமப் போகட்டும். ஞானஸ்நானம் அப்புறம் பாத்துக்கலாம். பேரை மட்டும் மாத்திக்கட்டும். மரிய ஸ்டெல்லா. நல்ல பேரு."

நான் சொன்னேன்: "அத்தை, கோயிலுக்கு வரேன். முட்டி போடுறேன். தவக்காலத்துல கறி தின்ன மாட்டேன். பேரை மட்டும் விட்டுடுங்க."

அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. கல்யாணம் நடந்தது. வீட்டுக்கு வந்த முதல் நாளிலிருந்து அவர் "ஸ்டெல்லா" என்று கூப்பிடுவார். நான் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று கீரையை ஆய்ந்துகொண்டிருப்பேன். சில மாதம் இப்படி ஓடிற்று. பிறகு அவர் அதையும் விட்டுவிட்டு "இந்தாம்மா", "ஏம்மா", "இங்க பாரு" என்று ஆரம்பித்தார். வெளியாட்களிடம் "எங்க வூட்டுப் பொண்ணு". என் பெயர் மட்டும் அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டவில்லை.

மற்றபடி நல்ல மனுஷி. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் கண்விழித்து நெற்றியில் துணி நனைத்துப் போட்டவர். அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாக வலித்தது. கெட்டவராக இருந்திருந்தால் போங்கள் என்று விட்டிருப்பேன்.

ஒரு விதி, ஒரு தலைப்பு

எங்கள் கோயில் இராயப்பர், சின்னப்பர் இருவர் பெயரிலும் இருக்கிறது. வருஷா வருஷம் திருவிழாவில் பெண்களுக்கு மியூசிக்கல் சேர், கோலப் போட்டி, எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து ஓடுவது. புதிதாக வந்த இளம் பங்குச் சாமியார், "எத்தனை வருஷத்துக்குத்தான் எலுமிச்சம்பழத்தோட ஓடுவீங்க? மூளைக்கும் வேலை கொடுங்க" என்றார். மாமியார், மருமகள் ஜோடி வினாடி வினா. தலைப்பு, ரோமைப் பேரரசர்களும் தொடக்க காலத் திருத்தந்தையர்களும்.

தலைப்பைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. ஜூலியஸ் சீசர், அகஸ்டஸ், நீரோ! குரூப் ஃபோர் எனக்கு வேலை கொடுக்கவில்லை, ஆனால் ரோமாபுரியைக் கொடுத்திருந்தது. யூடியூபில் இன்னும் நிறையக் கொடுத்திருந்தார்கள். ஆனால் யாரோடு ஜோடி சேருவது? மாமியாரிடம் எப்படிக் கேட்பது?

அந்த வேலையைப் பிலோமினா அம்மா செய்துகொடுத்தார். அடுத்த வயல்காரர். என் மாமியாருக்கும் அவருக்கும் வரப்புத் தகராறில் தொடங்கி மாதா தேருக்கு யார் மாலை பெரிசு என்பது வரைக்கும் போட்டி. பூசை முடிந்து வெளியே வரும்போது எல்லோரும் கேட்க அவர் சொன்னார்: "எங்க மருமக ஷீலா பிறவிக் கத்தோலிக்கு. பாப்பரசருங்க பேரைத் தண்ணி பட்ட பாடா சொல்லும். பாவம், சூசையம்மாதான் என்ன செய்யும்."

என் மாமியார் வீடு வரைக்கும் வேகவேகமாக நடந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"இந்தாம்மா. நீ வரலாறுதானே படிச்ச?"

"ஆமாங்க அத்தை."

"பேரு கொடுத்துடலாம்."

பேரு கொடுப்பதில்தான் முதல் சிக்கல். கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் ஜோடிகளின் பெயரைக் கேட்டபோது அவர் ஸ்டெல்லா என்றார், நான் காளியம்மாள் என்றேன். உபதேசியாருக்குக் குடும்பஸ்தனின் புத்தி. "சூசையம்மா டீச்சர் மற்றும் மருமகள்" என்று மைக்கில் அறிவித்துவிட்டு அடுத்த ஜோடிக்குப் போய்விட்டார்.

பேதுரு யார்?

வேலையைப் பிரித்துக்கொண்டோம். பேரரசர்கள் என் பங்கு. கான்ஸ்டன்டைன் பேரரசருக்கு முந்தைய திருத்தந்தையர் அவர் பங்கு, பிந்தையவர்கள் மறுபடி என் பங்கு. அடுப்படியில் அவர் வெங்காயம் உரிப்பார், நான் கேள்வி கேட்பேன். பிறகு நான் மாவு பிசைவேன், அவர் கேட்பார்.

முதல் நாளே மானம் போயிற்று. வெங்காயம் உரித்துக்கொண்டே, தன் பங்கிலிருந்தே மாமியார் என்னைச் சோதித்தார். "முதல் மூணு திருத்தந்தையர் யாரு, சொல்லு பாப்போம்" என்றார். நான் சட்டென்று சொன்னேன்.

"முதல்ல இராயப்பர். அடுத்து பேதுரு. மூணாவது லீனுஸ்."

உரித்துக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"என்ன சொன்ன?"

"இராயப்பர், பேதுரு, லீனுஸ்."

என் மாமியார் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு சிரிப்பை அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது, அது வெங்காயத்தாலா சிரிப்பாலா என்று தெரியவில்லை. "அடி அறிவுக்கொழுந்தே, ரெண்டும் ஒரே ஆளுடி!"

நீங்களே சொல்லுங்கள், இது என் தப்பா? பீடத்தில் சாவியோடு நிற்கிறவர் இராயப்பர். பைபிள் வாசிக்கும்போது வலை வீசுகிறவர் பேதுரு. பக்கத்துத் தெருப் பையன் பீட்டர், அவனுடைய பெயர்த் திருநாளும் இராயப்பர் திருவிழா அன்றைக்குத்தான். மூன்று வருடமாக நான் சாவிக்காரர் வேறு, மீன்காரர் வேறு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் தனித்தனியாக மெழுகுவர்த்தி கூட ஏற்றியிருக்கிறேன்.

"ராயின்னா தெலுங்குல கல்லு. பேதுருன்னாலும் பாறைதான். அதனால நம்ம பெரியவங்க இராயப்பர்னு வச்சாங்க" என்று விளக்கினார் மாமியார். "அதுக்கு முன்னாடி அவருக்குச் சீமோன்னு இன்னொரு பேரும் உண்டு."

நான் விடவில்லை. "பாத்தீங்களா அத்தை! ஒரே ஆளுக்கு நாலு பேரு வச்சிக் கும்பிடுறீங்க. எங்கிட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, அதைப் போய்ப் பிடுங்கப் பாக்குறீங்களே."

சிரிப்பு நின்றுவிட்டது. "அவருக்குப் பேரை மாத்துனது ஆண்டவர்" என்றார். "உன்னோடது வேற." மறுபடி வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்.

பேரரசர்கள் விஷயத்தில் அவர் சறுக்கினார். சின்ன வயசில் அவர்கள் ஊரில் ஈஸ்டருக்கு நாடகம் போடுவார்களாம். அவருடைய அப்பாதான் நீரோன் ராசா. ஜிகினா வைத்த சட்டை, தலையில் கிரீடம், காதுவரைக்கும் முறுக்கிய மீசை, போதாததற்குக் கூலிங் கிளாஸ். வசனம் பேசி வாளை உருவினால் முன்வரிசைக் குழந்தைகள் அலறி ஓடுமாம். நான் போனில் நீரோவின் சிலையைக் காட்டியபோது என் மாமியாருக்குப் பெருத்த ஏமாற்றம்.

"மீசை எங்க?"

"ரோமாபுரில அப்பல்லாம் மீசை வைக்க மாட்டாங்க அத்தை."

"மீசை இல்லாம எப்படி எட்டு ஊரைக் கட்டி ஆண்டாங்க?" என்று கேட்டுவிட்டு, என் கணவரின் மழித்த முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

கோஸு, குதிரை, குவாரி

அந்த மாதம் எங்கள் வீட்டில் ரோமாபுரியைத் தவிர வேறு பேச்சில்லை. சாம்பார் கொதிக்கும், சீசர் குத்துப்பட்டு விழுவார். குக்கர் மூன்றாவது விசில் கொடுக்கும், நீரோ ஊரைக் கொளுத்தினானா இல்லையா என்று பட்டிமன்றம் நடக்கும். காலிகுலா தன் குதிரைக்கு மந்திரி பதவி கொடுக்கப் பார்த்தான் என்று சொன்னபோது அருள், "எங்க மைன்ஸ்ல சூப்பர்வைசரைப் பாத்தா அந்தக் குதிரையே தேவலை" என்றார்.

எனக்குப் பிடித்தவன் டயோகிளீஷியன். பிடித்தவன் என்றால் நல்லவன் என்று அர்த்தமில்லை. கிறிஸ்தவர்களை அவன் படுத்திய பாடு கொஞ்சமல்ல. எங்கள் ஊர் எல்லையில் அம்பு தைத்துச் சிலையாக நிற்கும் செபஸ்தியார் அவன் காலத்து ஆள்தான். ஆனால் ஒருநாள் மணிமுடியைக் கழற்றி வைத்துவிட்டு ஊருக்குப் போய்த் தோட்டம் போட ஆரம்பித்துவிட்டான். மறுபடி வந்து ஆளுங்கள் என்று கூப்பிட வந்தவர்களிடம், நான் என் கையால் நட்ட கோஸைப் பார்த்தீர்களானால் இப்படிக் கேட்க மாட்டீர்கள் என்றானாம்.

இதை அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"கோஸா?" என்றார்.

"ஆமாப்பா, முட்டைக்கோஸு."

"நல்ல காரியம். ஆனா அதுக்கு மருந்தடிச்சே ஆள் ஓய்ஞ்சு போயிருப்பானே. வெங்காயம் போட்டிருக்கலாம்" என்றார்.

அருளைக் கவர்ந்தவர் நான்காவது திருத்தந்தை கிளமெந்து. டிராஜன் என்ற பேரரசன் அவரைக் கடலோரமாக இருந்த கல் குவாரிக்குத் தண்டனை வேலைக்கு அனுப்பிவிட்டான் என்று ஒரு கதை உண்டு. கல் உடைக்கிறவர்கள் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்தபோது, ஓர் ஆட்டுக்குட்டி காலால் தட்டிய இடத்தில் அவர் தோண்டினாராம், ஊற்று வந்ததாம். அருள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். சித்திரை வெயிலில் அந்த வெள்ளைப் பள்ளத்துக்குள் லாரியோடு இறங்கியவருக்குத்தான் அந்தத் தண்ணீரின் அருமை தெரியும். "பாப்பரசரா இருந்தவரு கல்லு உடைச்சாரா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். மறுநாள் அவர் லாரிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கிளமெந்து படம் ஒட்டியிருந்தது.

ஒரு மத்தியானம் கான்ஸ்டன்டைன் வந்தார், கூடவே வம்பும் வந்தது. கிறிஸ்தவர்களுக்கு விடுதலை கொடுத்த பேரரசர் சாகிற வேளைவரை ஞானஸ்நானமே வாங்கவில்லை என்று நான் அழுத்திச் சொன்னேன்.

"எனக்கு மட்டும் என்ன அவசரம் அத்தை?"

"அவரு பேரரசரு. நீ என்ன மகாராணியா?" என்றார் மாமியார். கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கம் திரும்பாமலே, "நான் இப்ப ஞானஸ்நானத்தையா கேக்குறேன்? ஊரு கேக்குதே, உன் மருமக பேரு என்னன்னு. நான் என்னன்னு சொல்லுறது? நாளைக்குப் பொறக்குற புள்ளைக்குக் கோயில்ல அம்மா பேரைக் கூப்பிடுவாங்க. அப்ப பிலோமினா சிரிப்பா" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, அவருக்குக் காளி மேல் கோபமில்லை, பிலோமினா மேல்தான் பயம் என்று. புரிந்ததால் என்ன பிரயோஜனம்? பெயர் என்னவோ வெளியேதான் நின்றது. என் பெயரைச் சொல்ல வெட்கப்படும் வீட்டில்தான் நான் கடைசிவரைக்கும் இருக்கப்போகிறேனோ என்று நினைத்துக்கொண்டே பாத்திரத்தை அழுத்தித் தேய்த்தேன்.

மைக் என் கையில்

இனி பந்தலுக்கு வருவோம். பிரதர் காத்துக்கொண்டிருந்தார். பிலோமினா அம்மா பக்கத்தில் ஷீலா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பதில் தெரியவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"இரண்டாம் யோவான்" என்றேன். "அவரோட பழைய பேரு மெர்க்குரியுஸ்."

"சரியான பதில்!" என்றார் பிரதர். கைதட்டல் எழுந்தது. அருள் விசிலே அடித்தார். என் மாமியார் மணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு துள்ளாத குறையாக நின்றார். அறுபதைக் கடந்த மனுஷி அப்போது ஸ்கூல் பெண் மாதிரி இருந்தார்.

"ஏன் மாற்றிக்கொண்டார்? அதையும் சொன்னால்தான் புள்ளி."

மாமியார் மணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கான்ஸ்டன்டைனுக்குப் பிந்தையவர்கள் என் பங்கு. இந்தக் காரணத்தை நான் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே ஸ்டெல்லா திரும்பி வந்திருப்பாள்.

"மெர்க்குரிங்கிறது" என்று ஆரம்பித்தேன். "ரோமாபுரிக்காரங்க கும்பிட்ட ஒரு சாமி. அந்தச் சாமி பேரு..."

மைக்கை இறக்கிவிட்டேன்.

பிலோமினா அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் மணி அடிக்கவில்லையே, பேசத் தடையில்லை. "சொல்லு தாயி" என்றார், பந்தல் கடைசிவரைக்கும் கேட்கிற குரலில். "சாமி பேரை வச்சிக்கிட்டுக் கோயில்ல இருக்கிறது சரியில்லைன்னு பாப்பரசரே மாத்திக்கிட்டாரு. அதானே? நல்லாச் சத்தமா சொல்லு. சில பேரு காதுல விழட்டும்."

பந்தல் கொல்லென்று சிரித்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் எனக்குக் காது சூடாகி, கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்தேன். சொன்னால் ஜெயிப்போம். என் மாமியார் இந்த ஒரு மாதமாகத் தூக்கத்தில் கூடப் பாப்பரசர்களை எண்ணியது இந்த ஜெயிப்புக்காகத்தான். வீட்டுக்குப் போய் அழுதுகொள்ளலாம். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன்.

மைக் என் கையில் இல்லை. என் மாமியார் பிடுங்கியிருந்தார்.

"அவ சொல்ல வேணாம்."

பிரதர் பதறிப்போனார். "டீச்சர், டீச்சர், நீங்க பேசக் கூடாது. பேசினா புள்ளி போயிடும்."

"போவட்டும் பிரதர்."

அவர் நிமிர்ந்து நின்றார். அந்தப் பந்தலில் பாதிப்பேர் அவரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள், அந்தக் குரல் அவர்களுக்குத் தெரியும்.

"பிலோமினா, உனக்கு ஒரு கேள்வி. தியோனீசியுன்னு ஒரு பாப்பரசர் இருந்தாரே, தெரியுமா உனக்கு? தெரியாது. நான் சொல்றேன் கேட்டுக்க. கிரேக்க நாட்டுக்காரங்களுக்கு ஒயினுக்குன்னே ஒரு சாமி உண்டு. குடிச்சிட்டு ஆடுற சாமி. அந்தச் சாமி பேருலேருந்து வந்த பேரு அது. மாத்துனாரா? மாத்தல. அந்தப் பேரோடயே பாப்பரசரா இருந்தாரு, அந்தப் பேரோடயே செத்தாரு, அந்தப் பேரோடயே புனிதரானாரு. அந்த மெர்க்குரி, அவருக்குப் பிடிச்சுது, மாத்திக்கிட்டாரு. இவரு மாத்திக்கல. ரெண்டு பேரும் பாப்பரசருதான். ஆடுற சாமி பேருக்கே மோட்சத்துல எடம் கொடுத்திருக்காங்க. இதுல உனக்கென்ன வந்துச்சு?"

யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். பிறகு பந்தலே தட்டியது. முதலில் தட்டியது பங்குச் சாமியார் என்று அருள் இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார்.

எனக்கோ சந்தோஷம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். தியோனீசியு கான்ஸ்டன்டைனுக்கு முந்தையவர். அதாவது மாமியாரின் பங்கு! அவர் படித்திருக்கிறார். படித்துவிட்டு என்னிடம் மூச்சு விடவில்லை!

"அத்தை, இதை எப்பப் படிச்சீங்க?" என்று காதில் கேட்டேன்.

"பேரு கொடுத்த மறுவாரமே."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே!"

"ஏன் சொல்லணும்? நீ மட்டும் மெர்க்குரியைச் சொன்னியா?"

ஒரே அடுப்படியில் ஒருத்திக்கொருத்தி எதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு திருத்தந்தையை முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

விதி விதிதான். புள்ளி போயிற்று. சமநிலை தொடர்ந்ததால் இன்னொரு கேள்வி வந்தது, கிளமெந்து பற்றியது; பிலோமினா அம்மா மணியை முந்திக்கொண்டார், ஷீலா பதில் சொல்லிவிட்டாள். முதல் பரிசு கிரைண்டர் பிலோமினா அம்மா வீட்டுக்குப் போனது. என் மாமியார் அது போகிற வழியை ஒரு தடவை பார்த்தார், எச்சில் விழுங்கினார். எவ்வளவு ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரியும். அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, ஆனால் பந்தலில் எல்லோரும் இருந்தார்கள்.

"இரண்டாம் பரிசு" என்று பிரதர் மைக்கைத் தட்டினார். "சூசையம்மாள் டீச்சர், மற்றும்..." அவர் திணறினார். உபதேசியார் சொல்லிக் கொடுத்தது மருமகள் என்பதோடு நின்றிருந்தது. "மற்றும்... அவங்க பேரு?"

நான் மாமியாரைப் பார்த்தேன். அதை நான் சொல்லக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

பரிசு வாங்க மேடைப் படியில் ஒரு காலை வைத்தபடியே என் மாமியார் திரும்பினார். மைக் இல்லாமலே சொன்னார்.

"காளியம்மாள்."

"காலியம்மாள்" என்றார் பிரதர் மைக்கில்.

"காலி இல்ல பிரதர், காளி. என் மருமக பேரு. நாக்கை நல்லா மடிச்சிச் சொல்லுங்க."

பிரதர் முகம் சிவந்து, மறுபடி சொன்னார். பந்தலில் இருந்த ஒலிபெருக்கிகள் எல்லாம் அந்தப் பெயரை ஊர் முழுக்கக் கொண்டுபோயின. என் மாமியார் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"ளகரம் இன்னும் சரியா வரல. எங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.